ரிப்பேர் ஆனா யாரு பாப்பாங்க?

நம் புகைப்பட மன்றத்துக்கு ஒரு மீடியம் ஃபார்மட் பிலிம் கேமரா வாங்குவது என்று இந்த ஆண்டு பேச்சு பலமாக அடிபடுகிறது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பழைய கேமரா ஒன்று. எந்தக் கேமரா என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை. ஹாஸ்டலில் மாமியாவுக்கு ஒரு கட்சி, ஹேசல்பிளாடுக்கு ஒரு கட்சி, "எதுக்குடா இதெல்லாம், கையில போன் இருக்குல்ல" என்று மூன்றாவதாக ஒரு கட்சி. யூனியன் தேர்தல் தோற்றது போங்கள்! இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. மலர்க் குழு நண்பர்கள் இடம் கொடுத்திருப்பதால் அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் அடுத்த கூட்டத்தில் சண்டைக்கு வரலாம்.

மீடியம் ஃபார்மட் என்றதும் ஏதோ பணக்காரச் சமாச்சாரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிறந்த இடமே வேறு. 1901-ஆம் ஆண்டு கோடாக் கம்பெனி சாதாரண ஜனங்களின் பெட்டிக் கேமராவுக்காகக் கொண்டுவந்த ரோல்தான் 120. சுமார் 6 செ.மீ. அகலப் பிலிம், அதன் முதுகில் வெளிச்சம் புகாத காகிதம், காகிதத்தில் படத்தின் எண்கள். இவ்வளவுதான். நூறாண்டு தாண்டியும் அதே ரோல் இன்றைக்கும் விற்கிறது. அன்று செய்த பெட்டியில் இன்று வாங்கிய ரோல் உட்காரும். நாம் படிக்கிற பாடத்தில் 'ஸ்டாண்டர்டைசேஷன்' என்று ஒரு யூனிட் வருமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் நாட்டிலும் இது வீட்டுப் பொருளாகத்தான் இருந்தது. வடோதராவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 என்ற சின்னக் கேமராவை உங்கள் தாத்தா, பெரியப்பா யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம். பிலிமும் இங்கேயே தயாரானது. ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1967-லிருந்து உற்பத்தி செய்தது. 'இந்து' என்பது அதன் பிராண்ட் பெயர். இன்று அந்த ஆலை ஓடவில்லை. ஊர் ஊராக இருந்த ஸ்டுடியோக்காரர்கள் யாஷிகா, ரோலிகார்டு என்று இரட்டைக் கண் கேமராவை வைத்துக்கொண்டுதான் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எடுத்தார்கள். நெகடிவ் பெரிதாக இருந்ததால் அதன்மேல் கூரான பென்சிலால் தீட்டி முகத்துத் தழும்பை மறைக்கவும் முடிந்தது. ஆகவே நாம் வாங்கப்போவது வெளிநாட்டு வினோதப் பொருள் ஏதுமில்லை. நம் ஊர்க் கடைத்தெருவில் ஒரு காலத்தில் சோறு போட்ட கருவி.

பெரிய நெகடிவால் என்ன லாபம்? கணக்கைப் பார்த்துவிடலாம். சாதாரண 35 மி.மீ. பிலிமில் ஒரு படம் 24-க்கு 36 மி.மீ. பரப்பளவு 864 சதுர மி.மீ. 120 ரோலில் சதுரப் படம் என்றால் 56-க்கு 56, அதாவது 3136. மூன்றரை மடங்குக்கும் மேல். 30 செ.மீ. சதுரத்துக்கு ஒரு பிரிண்ட் போட வேண்டும் என்றால் 35 மி.மீ. நெகடிவை 12½ மடங்கு பெரிதாக்க வேண்டும். 120-ஐ ஐந்தரை மடங்கு கூடப் பெரிதாக்க வேண்டியதில்லை. பிலிமில் உள்ள மணல் மணலான துகள்களும் அந்த அளவுக்குத்தான் பெரிதாகும். வேட்டிக் கரையின் நூல், பாட்டியின் கைச்சுருக்கம் எல்லாம் அப்படியே நிற்பது இதனால்தான். போன் கேமரா மோசம் என்று நான் சொல்ல வரவில்லை, அதில் எடுத்த படங்கள்தான் என்னிடமும் இருக்கின்றன. பிலிம் வேண்டும் என்று மன்றம் முடிவெடுத்த பிறகு எதை வாங்குவது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் கேட்லாக் படிக்கத் தெரிந்தவர் எனக்கு முன்னால் யாரும் கிடையாது. மிக்ஸி வாங்கினாலும், டேபிள் ஃபேன் வாங்கினாலும், கடைக்காரர் வாட்ஸ், ஆர்.பி.எம். என்று எதைச் சொன்னாலும் அம்மா கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார்: "எல்லாஞ் சரி தம்பி, ரிப்பேர் ஆனா யாரு பாப்பாங்க?" கடைக்காரர் அதற்குச் சொல்லும் பதிலை வைத்துத்தான் எங்கள் வீட்டில் பொருள் வந்திருக்கிறது, அல்லது வராமல் போயிருக்கிறது. பாலிடெக்னிக்கில் சேர்ந்து 'மெயின்டனன்ஸ் என்ஜினீயரிங்' என்று ஒரு பேப்பர் இருப்பதைப் பார்த்தபோது, இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு பெரிய புத்தகமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பழைய கேமரா வாங்கும் விஷயத்தில் இந்தக் கேள்வியை முதலில் வைக்க வேண்டும் என்பதே என் வாதம். இப்போது சந்தையில் இருக்கும் நல்ல மீடியம் ஃபார்மட் கேமராக்களில் பெரும்பாலானவை 30, 40, 50 வயதானவை. அந்த மாடல்களின் உற்பத்தி நின்று பல காலம் ஆகிறது. வாரன்ட்டி கிடையாது, சர்வீஸ் சென்டர் கிடையாது, ஸ்பேர் வேண்டுமென்றால் செத்த கேமரா இன்னொன்றைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட பொருளை லென்ஸின் புகழைப் பார்த்தோ, யூடியூபில் ஒருவர் கழுத்தில் மாட்டியிருந்த அழகைப் பார்த்தோ வாங்கினால் மன்றத்தின் பணம் அலமாரியில் தூங்கும்.

இந்தக் கேள்வியோடு ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

ஹேசல்பிளாட். பெயரைச் சொன்னாலே நம் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். 1969-ல் அப்பல்லோ 11 போனபோது சந்திரத் தரையில் படமெடுத்தது அந்தக் கம்பெனியின் கேமராதான். எடையைக் குறைக்கக் கேமராவை அங்கேயே போட்டுவிட்டு, பிலிம் இருந்த பெட்டியை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தார்கள் என்பது நிஜமான செய்தி. 500 சி.எம். போன்ற மாடல்கள் முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி தேவையில்லை, லென்ஸும் பின்பெட்டியும் தனித்தனியாகக் கழலும். எல்லாம் உண்மை. ஆனால் உடம்பிலும் லென்ஸிலும் ஸ்பிரிங் முறுக்கேறிய நிலையில்தான் லென்ஸை மாட்ட வேண்டும். ஒன்று முறுக்கேறி மற்றொன்று ஏறாமல் இருந்தால் இரண்டும் சிக்கிக்கொண்டு கழலாது. பின்பெட்டியின் தகட்டை உருவ மறந்தால் ஷட்டர் அடிக்காது. ஒரே ஆள் பொத்திப் பொத்தி வைத்துப் பயன்படுத்துவதற்கு அருமையான கேமரா. முப்பது பேர் கை மாறி மாறி எடுக்கும் மன்றத்துக்குச் சரிப்படுமா? அதன் விலைக்கு மேல் ரிப்பேர் கூலியையும் யோசியுங்கள். சந்திரனுக்குப் போய் வந்ததாலேயே நம் ஹாஸ்டலுக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

பென்டாக்ஸ் 67. பார்ப்பதற்கு நம் சாதாரண எஸ்.எல்.ஆர். கேமராவைக் கடாய் சைஸுக்கு வளர்த்த மாதிரி இருக்கும். பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் நகராது. பிரானிகாவின் எஸ்.க்யூ. ஏ., ஈ.டி.ஆர்.எஸ். மாடல்களும் பேட்டரி போனால் 1/500 என்ற ஒரே வேகத்தில்தான் அடிக்கும். மாமியா 645 குடும்பமும் மின்சாரத்தை நம்பியதே. பேட்டரியைப் புதிதாக வாங்கிப் போட்டுவிடலாம், அதில் பயமில்லை. உள்ளே இருக்கும் அந்தக் காலத்துச் சர்க்யூட் போர்டு உயிரை விட்டால்? ஐ.சி. ஒன்று எரிந்தால் அதே ஐ.சி.யை எங்கே தேடுவது? 'யாரு பாப்பாங்க' என்ற கேள்விக்கு இங்கே பதிலே இல்லை. 645-இல் ஒரு ரோலுக்குப் பதினைந்து பதினாறு படம் கிடைக்கும், செலவு குறையும் என்று நண்பன் ஒருவன் சொல்கிறான். சரியான பாயிண்ட்தான். செத்த கேமராவில் பதினாறுக்கும் பூஜ்யம்தான் கிடைக்கும் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மாமியா ஆர்.பி.67-ஐப் பற்றி மரியாதையாகத்தான் பேச வேண்டும். 1970-ல் வந்தது. முழுக்க மெக்கானிக்கல். பின்பெட்டியைத் திருப்பினால் படுக்கை வசப் படம் நெட்டு வசமாகும், கேமராவைச் சாய்க்க வேண்டியதில்லை. துருத்தி வைத்து ஃபோகஸ் செய்வதால் கிட்டத்திலும் எடுக்கலாம். நம் மன்றத்துக்கு நிரந்தரமாக ஒரு ரூமும், கனமான ஸ்டாண்டும் இருந்தால் இதற்கே என் ஓட்டு. லென்ஸோடு இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை. கழுத்தில் மாட்டிக்கொண்டு மாட்டுச் சந்தைக்குப் போக முடியாது. ஷட்டருக்கு ஒரு லீவர், பிலிம் நகர்த்த இன்னொரு லீவர். ரோலுக்குப் பத்தே படம். இதன் அடுத்த மாடல் ஆர்.இசட். 67-இல் எலக்ட்ரானிக்ஸ் புகுந்துவிட்டது, ஆகவே இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

மிச்சம் இருப்பது இரட்டைக் கண் கேமரா. ட்வின் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ். மேலே ஒரு லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழே ஒரு லென்ஸ் படம் பிடிப்பதற்கு. 1929-ல் ஜெர்மனியில் ரோலிஃப்ளெக்ஸ் வந்தபோது என்ன அமைப்போ, ஏறக்குறைய அதேதான் பிறகு வந்த எல்லாவற்றிலும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா சுதந்திர காலத்து டெல்லியைப் படம் பிடித்த கேமராக்களில் ரோலிஃப்ளெக்ஸும் ஒன்று. ரோலிஃப்ளெக்ஸ் நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. அதன் தம்பி ரோலிகார்டோ, ஜப்பானின் யாஷிகா மேட் வரிசையோ எட்டும். அதில் 1970-லிருந்து 1986 வரை வந்த 124 ஜி என்ற மாடலுக்கு இப்போது கிராக்கி அதிகம். அதற்கு முந்தைய யாஷிகா மேட், யாஷிகா டி மாடல்கள் பெயர் குறைவு என்பதால் விலையும் குறைவு. சீனாவின் சீகல், ரஷ்யாவின் லுபிட்டெல் இரண்டும் இன்னும் மலிவு. லுபிட்டெலில் ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடி நடுவில் சின்னப் பொட்டு அளவுதான். மூன்று துண்டு லென்ஸ், ஓரங்கள் மங்கும். பிரித்துப் பழகுவதற்கு வாங்கலாம்.

ஏன் இரட்டைக் கண்? உள்ளே இருப்பதைக் கேட்டால் நீங்களே சொல்வீர்கள். மேலே ஒரு கண்ணாடி, அசையாமல் ஒட்டியிருக்கிறது. எஸ்.எல்.ஆரில் போல அது ஒவ்வொரு படத்துக்கும் எழும்பி விழ வேண்டியதில்லை. கீழே லென்ஸுக்கு நடுவில் இலை இலையாகத் திறக்கும் ஷட்டர். அதற்கு ஒரு ஸ்பிரிங், மெதுவான வேகங்களுக்குக் கடிகாரத்தில் வருவது போலச் சின்னப் பல்சக்கர வரிசை ஒன்று. பக்கத்தில் பிலிம் நகர்த்தும் கைப்பிடி. மின்சாரம் ஒரு சொட்டுக் கூடக் கிடையாது. 124 ஜி-யில் லைட் மீட்டர் மட்டும் பேட்டரியில் ஓடும், அது செத்தாலும் மற்ற எல்லாம் ஓடும். ஸ்பிரிங், கியர், லீவர், ஸ்குரூ... இவற்றைப் பார்த்து மெக்கானிக்கல் பிரிவு மாணவன் பயப்படுவானா? ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு இங்கே 'நாமே' என்று பதில் சொல்லலாம். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் என் ஓட்டு.

அதற்காக வாங்கிய அன்றே ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பாய வேண்டாம். ஜப்பான் கேமராவின் நட்சத்திரத் திருகுகள் ஜப்பானியத் தரத்தில் வெட்டியவை. நம் கடை ஃபிலிப்ஸ் டிரைவரை வைத்து அழுத்தினால் தலை வழுக்கிவிடும். முகப்புத் தகட்டின் திருகுகள் மேலே ஒட்டியிருக்கும் தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. அந்தத் தகட்டைக் கழற்றி மாட்டினால் ஃபோகஸை மறுபடி சரிபார்க்க வேண்டும். ஷட்டர் இலைகளில் ஒரு துளி எண்ணெய் கூடப் படக் கூடாது, பட்டால் ஒட்டிக்கொள்ளும். தையல் மெஷினுக்கு விடுவது போல எண்ணெய் விட்டு ரிப்பேர் செய்யலாம் என்பவர் யாராவது வந்தால் அவரை ரூமுக்கு வெளியே நிற்க வையுங்கள்.

சரி, கடையிலோ பழைய ஸ்டுடியோவிலோ கேமராவைக் கையில் கொடுக்கிறார்கள். எப்படிப் பார்ப்பது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நெட்டில் விற்பவர்கள் 'எக்ஸலன்ட்' என்று எழுதி அதன் பின்னால் அஞ்சாறு கூட்டல் குறி போடுவதை நம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கூட்டல் குறிக்கு அடியில் 'லேசாக ஃபங்கஸ்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தால் கஸ்டம்ஸ் வரி தனி, திருப்பி அனுப்பும் செலவு தனி.

முதலில் லென்ஸ். பின் கதவைத் திறந்து, ஷட்டரை 'பி' என்ற நிலையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக ஓடினால் ஃபங்கஸ். நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில், தோல் உறைக்குள் பூட்டி வைத்த லென்ஸில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஓரத்தில் சின்னதாக இருந்தால் துடைத்தெடுக்கலாம், கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் வேண்டாம். தூசி இரண்டு இருந்தால் கவலையே படாதீர்கள், படத்தில் தெரியாது.

அடுத்து ஷட்டர். எனக்குத் தெரிந்த ஸ்டுடியோ அண்ணன் ஒருவர் சொன்னது: "கண்ணால பாக்காத தம்பி, காதால கேளு." ஒரு செகண்ட் வேகத்தில் வைத்து அடித்தால் உள்ளே 'ஸ்ஸ்ர்ர்' என்று பல்சக்கரம் ஒரே சீராக ஓடும் சத்தம் கேட்க வேண்டும். நடுவில் இழுத்து இழுத்து ஓடினாலோ, நின்றுவிட்டாலோ உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. இது குணமாகக்கூடிய வியாதி, ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

காதுக்கு மேல் நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது. இ.சி.இ. நண்பர்களே, இது உங்கள் ஏரியா. பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஃபோட்டோ டிரான்சிஸ்டரை வையுங்கள், முன்னால் எல்.இ.டி. டார்ச் ஒன்றைப் பிடியுங்கள், வெளியே வரும் சிக்னலை லேபில் உள்ள டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்பில் கொடுத்து சிங்கிள் டிரிக்கரில் போட்டு ஷட்டரை அடியுங்கள். திரையில் ஒரு மேடு எழும். இலைகள் திறந்து மூட நேரம் எடுப்பதால் மேட்டின் பக்கங்கள் சரிவாக இருக்கும், பாதி உயரத்தில் அகலத்தை அளந்தால் போதும். 1/60 என்றால் சுமார் 16.7 மில்லி செகண்ட் வர வேண்டும், 1/125 என்றால் 8, 1/500 என்றால் 2. எட்டுக்குப் பதில் பதினொன்று வந்தால் அரை ஸ்டாப் வித்தியாசம், நெகடிவ் பிலிம் அதைச் சட்டை செய்யாது. பதினாறு வந்தால் ஒரு முழு ஸ்டாப். அப்போதும் கெடுதல் இல்லை. எந்த வேகத்தில் எவ்வளவு பிசகு என்று ஒரு சீட்டில் எழுதிக் கேமராவின் உறைக்குள் ஒட்டிவிட்டால் அதற்கேற்ப அபெர்ச்சரை மாற்றிக்கொள்ளலாம். டியூப் லைட் வெளிச்சத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அதன் துடிப்பு சிக்னலில் கலந்துவிடும்.

இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பதைச் சோதிக்க நம் டிராயிங் ஹாலில் புழங்கும் டிரேசிங் பேப்பர் போதும். பின்னால் பிலிம் ஓடும் பாதையில் ஒரு துண்டை இழுத்து ஒட்டி, 'பி'-யில் ஷட்டரைத் திறந்து வைத்தால், கீழ் லென்ஸ் தரும் பிம்பம் அதில் விழும். மேல் கண்ணாடியில் ஜன்னல் கம்பி கூர்மையாகத் தெரியும்போது டிரேசிங் பேப்பரிலும் அதே கம்பி கூர்மையாக இருக்க வேண்டும். மங்கலாக இருந்தால் யாரோ முன்பு பிரித்து மாட்டியிருக்கிறார்கள். மாமியா போலத் துருத்தி உள்ள கேமரா என்றால் இருட்டறையில் உள்ளே டார்ச் வைத்து ஊசி ஓட்டை பாருங்கள். 124 ஜி-யில் பின் கதவின் அழுத்துத் தகடு 12 என்ற எண்ணைக் காட்டும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். 24 என்பது 220 என்ற இன்னொரு வகை ரோலுக்கானது, அதற்கு முதுகுக் காகிதம் கிடையாது.

லைட் மீட்டர் வேலை செய்கிறது என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். அது அந்தக் காலத்துப் பாதரசப் பேட்டரிக்காகச் செய்தது, 1.35 வோல்ட். அந்தப் பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. இன்றைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் தப்பாகக் காட்டும். போனில் மீட்டர் ஆப் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் நம் வெயில் இருக்கிறது. நல்ல வெயிலில் அபெர்ச்சர் 16, 100 ஐ.எஸ்.ஓ. பிலிமுக்கு 1/125 என்பது பழைய ஸ்டுடியோக்காரர்களின் வாய்ப்பாடு. தமிழ்நாட்டில் ஆண்டின் பல மாதங்களுக்கு இந்த ஒரு வரியே போதும்.

இப்போது பணம். கேமரா ஒருமுறைச் செலவு. பிலிம் ஒவ்வொரு மாதமும் கடிக்கும். கணக்குக்காக ஒரு ரோலுக்குப் பிலிமும் கழுவும் செலவும் சேர்த்து 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் அதைவிடப் பல மடங்கு. 645-இல் 16 படம் எடுத்தால் படத்துக்கு ஆறே கால் ரூபாய். இரட்டைக் கண்ணில் 12 படம், எட்டு ரூபாய்க்குச் சற்று மேல். ஆர்.பி.67-இல் பத்து ரூபாய். 6-க்கு 9 கேமராக்களில் எட்டே படம், பன்னிரண்டரை ரூபாய். நிஜ விலையை இதே விகிதத்தில் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் பிலிமை நாமே கழுவினால் பாதி வலி குறையும். இருட்டு ரூமில் பிலிமை டாங்க்கில் சுற்றிப் போட்டுவிட்டால் மிச்ச வேலையை விளக்கு வெளிச்சத்திலேயே செய்யலாம். ஒரே தொல்லை, டெவலப்பருக்கு வழக்கமாகச் சொல்வது 20 டிகிரி. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏப்ரல் மாதம் 30 டிகிரியைத் தொடும். கெமிக்கல் பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் உட்கார வைக்க வேண்டும். மெஸ் ஃப்ரிட்ஜுக்கு இப்போதே மெஸ் செயலாளரிடம் சொல்லி வைப்பது நல்லது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கூட்டத்தில் என்னைக் கிழித்துவிடுவீர்கள். இந்தக் கேமராவில் லென்ஸை மாற்ற முடியாது. மாமியா சி 330 போன்ற ஒரு சில இரட்டைக் கண்களில் மாற்றலாம், அவை கனம். பறவை, கிரிக்கெட் எல்லாம் இதில் எடுக்க வராது. சுமார் ஒரு மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. கிட்டத்தில் எடுக்கும்போது மேல் கண் பார்ப்பதும் கீழ்க் கண் பிடிப்பதும் கொஞ்சம் விலகும், தலை வெட்டுப்படலாம். மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணாடியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். ஆள் இடப்பக்கம் நடந்தால் பிம்பம் வலப்பக்கம் ஓடும், முதல் நாள் தலை சுற்றும். ஆனால் ஒன்று. குனிந்து பார்ப்பதால் எதிரே இருப்பவர் முகத்துக்கு நேராகக் கேமராவைத் தூக்கிப் பிடிப்பதில்லை. ஷட்டர் சத்தமும் 'டிக்' என்பதோடு சரி. போட்டோ என்றாலே விறைத்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதன் முன்னால் கொஞ்சம் சாதாரணமாக இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒரு யோசனை. மன்றத்தில் உறுப்பினர்கள் அதிகம், ரோல்கள் குறைவு. ஒரு ரோலில் 12 படம். ஆகவே ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரே ஒரு படம் என்று வைக்கலாம். ஒருவர் ஒரு வாரம் கேமராவை வீட்டுக்குக் கொண்டுபோய், யாரை, எதை, எந்த வெளிச்சத்தில் எடுப்பது என்று யோசித்து ஒரு தடவை அடித்துவிட்டு, வேகம், அபெர்ச்சர் இரண்டையும் நோட்டில் எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பன்னிரண்டும் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து கழுவுவது. எல்லோருக்கும் தங்கள் படம் என்ன ஆயிற்று என்று தெரியும்வரை யாரும் கேமராவைக் கீழே போட மாட்டார்கள் என்பது இதில் உள்ள இன்னொரு சௌகரியம்.

முதல் படம் யாருக்கு என்பதற்கு மட்டும் சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொள்ளலாம். செயலாளர் என்பதற்காக அவருக்கு முதல் சீட்டு கிடையாது.